சூடு ஆறாத தூரம்

சோறு சூடு ஆறுவதற்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தில்தான் பெண் கொடுப்பேன் என்று மூட்டை தூக்குகிறவர் ஒரே பிடியாக நின்றார். மூத்தவளை இரண்டு தெரு தள்ளிக் கொடுத்ததும் அந்தக் கணக்கில்தான். இளையவளோ கடல் தாண்டி வேலை பார்க்கும் கிரேன் மெக்கானிக்கை விரும்பித் தொலைத்திருந்தாள்.

"மூவாயிரம் கிலோமீட்டர்தாம்ப்பா. ப்ளேன்ல ஏறினா நாலரை மணி நேரம்."

"கிலோமீட்டரெல்லாம் லாரிக்காரன்கிட்ட சொல்லு. நாளைக்கு அவன் உன்னப் பட்டினி போட்டா, நான் ஆறிப்போன சோத்தையா தூக்கிட்டு வர முடியும்?"

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யானை வந்து முட்டினாலும் அசையமாட்டார். "அப்ப நாலரை மணி நேரத்துல சோறு ஆறுதான்னு சோதிச்சே பாத்துருவோம்" என்று மகளின் வாய் முந்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் விமானம் தயாரானது. மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். முட்டி இடிக்கிற மாதிரி எதிரே பீரோ. நடுவில் அப்பா. சுவரை ஒட்டி அம்மா. வழியோரம் அடுத்த வீட்டு லாரி டிரைவர். ஓசிப் பயணம் என்றதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். சாக்குக் கயிறு பெல்ட்டானது. சுடுசோறு போட்டுக் கோணியில் சுற்றிய டிபன் கேரியர் அப்பாவின் மடியில் ஏறியது.

கொஞ்ச நேரத்திலேயே டிரைவர் அப்பாவின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார்.

"யோவ், எந்திரிய்யா! லாரியையும் இப்படித்தான் ஓட்டுறியா?"

"லாரில எங்கண்ணே தூங்க விடறானுங்க?" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு அவர் மறுபடி சாய்ந்தார்.

பாதிக் கடலில் அப்பா நெளிந்தார். "கக்கூஸ் போகணும். ஓரமா நிறுத்தச் சொல்லு."

"மேகத்துல ஏதுப்பா ஓரம்?"

"ஏங்க, அவர எழுப்பித்தான் போகணும். எழுப்புங்க பாப்போம்" என்று அம்மா சிரித்தாள்.

எழுப்ப முடியவில்லை. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சக் கடலைத் தாண்டினார். தரையிறங்கியதும் கயிற்றை அறுக்காத குறையாகக் கழற்றிக்கொண்டு ஓடியவர், திரும்பி வந்து கேரியரைத் திறந்தார். ஆவி வரவில்லை. மகள் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

டிரைவர் ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஆறிப்போச்சுண்ணே. ஏதோ வெதுவெதுன்னு இருக்கு, அவ்வளவுதான்."

அப்பாவும் ஒரு வாய் எடுத்து மென்றார். இன்னொரு வாய். மூன்றாவது வாய்க்குப் பிறகு டிரைவரை முறைத்தார்.

"கொதிக்குதேய்யா!"

"எங்கண்ணே கொதிக்குது?"

"முப்பது வருஷமா குடோன்ல மத்தியானம் கேரியரத் தெறக்கறேன். சோறு கல்லு மாதிரி இருக்கும். ஒரு நாளாவது இவ்வளவு சூடாத் தின்னிருப்பனா? நீ தின்னிருக்கியா?"

டிரைவர் வாயில் கவளத்தோடு யோசித்துப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

"அப்புறம் என்ன? இது பக்கந்தான்." அப்பா கேரியரை வழித்துக்கொண்டே மகளைப் பார்த்தார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு. நான் வந்தா ஓரச் சீட்டுத்தான் போடணும்."

மகள் நிறுத்திய மூச்சை விட்டாள். அம்மா பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளக் கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை.