இரண்டு பொட்டலம்

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இளம்பெண்ணாகப் புடவை விரிக்க நின்ற வேணி, நாற்பது தாண்டியும் அதே கடையில்தான் விரித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே நுழைகிறவள் முகத்தைப் பார்த்தே, இவளுக்கு ஆசை பச்சை மேல், கூட வந்த மாமியாருக்குப் பயந்து மெரூனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள் என்று சொல்லிவிடுவாள். ஊரார் மனசெல்லாம் அத்துப்படி. தன் மனசு மட்டும் சண்டைக்காரி வீடு மாதிரி. அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. தீபாவளிக்கு எந்தப் புடவை வேணும் என்று முதலாளி கேட்டால், "எதுன்னாலும் சரிங்க" என்பாள். விற்காமல் கிடந்ததைக் கொடுப்பார். அதையே கட்டிக்கொள்வாள்.

அம்மா போன பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். "எங்க அக்காவுக்குத் தனியா இருக்கறதுதான் புடிக்கும்" என்று சென்னையில் இருக்கும் தம்பி ஜெகதீசன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள். சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாள். வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும். அதற்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரிகிறது. பாவம், அவளுக்குத் தெரியவில்லை.

போன வாரம் கெடாரிலிருந்து சீனுவாசன் தன் அக்காவோடு கடைக்கு வந்தார். மனைவியை இழந்தவர். சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர். புடவை ஒரு சாக்குதான், வேணியைப் பார்க்கத்தான் வருகிறார் என்று கல்யாணத் தரகர் முன்பே சொல்லியிருந்தார்.

"உங்களுக்குப் புடிச்சதா ஒண்ணு எடுங்க" என்றார் சீனுவாசன்.

வேணி ஒரு மயில்நீலத்தை எடுத்து விரித்தாள். அவருடைய அக்காவின் கண் உடனே அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"இது எங்க அக்காவுக்குப் புடிச்சதுங்க. உங்களுக்கு எது புடிக்கும்?"

இப்படி யாரும் அவளை மடக்கியதில்லை. "எதுன்னாலும் சரிங்க" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "பொறுமையா யோசிச்சு சொல்லுங்க. செவ்வாக்கெழமை வரைக்கும் நான் வேற எடம் பாக்கல. வேணாம்னாலும் தப்பில்லீங்க."

யோசித்துத்தான் பார்த்தாள். அவரைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதமா என்று கேட்டால், தம்பி என்ன நினைப்பான், வாடகை வீட்டுக்காரம்மா என்ன பேசுவாள், கடையில் எப்படிச் சிரிப்பார்கள் என்று அடுத்தவர் குரல்களே உள்ளே வரிசைகட்டி நின்றன. அவளுடைய குரலைக் காணோம். செவ்வாய்க்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, பூக்கட்டிப் போட்டு சாமியையே கேட்டுவிடலாம் என்று பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு பஸ் ஏறினாள்.

மலைமேல் கோயில் வாசலில் உட்கார்ந்து, சிவப்பும் வெள்ளையுமாக அரளிப் பூ கிடந்த பையைத் திறந்தாள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். முதல் பொட்டலத்தில் சிவப்பை வைத்து மடித்து முடிக்கவும் ஜெகதீசன் போனில் வந்தான்.

"யக்கா, அந்தக் கெடார்காரருக்கு இன்னைக்குப் பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிடட்டுமா? ஒனக்குத்தான் தனியா இருந்து பழகிடுச்சே."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த பொட்டலத்தை மடித்தபடியே, "உன் இஷ்டம்டா" என்றாள். வாய்ப் பழக்கம், வேறென்ன!

குருக்கள் இரண்டையும் சாமி முன்னால் வைத்து, தீபாராதனை காட்டி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"நல்லதுங்க சாமி" என்று சொல்லிவிட்டு வேணி இறங்கினாள். அப்பாடா, ஒரு பாரம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ முட்டியது. பசியாக இருக்கும் என்று வாழைப்பழத்தைத் தின்றாள். போகவில்லை. வெயில்தான் என்று தண்ணீர் குடித்தாள். அதுவும் இல்லை. பாதி மலையில் நின்றுவிட்டாள். கோபம்! யார் மேல்? சாமி மேல். கேட்டதைக் கொடுக்காதவன் மேல்தானே கோபம் வரும்? அப்படியானால் அவள் கேட்டது எது?

விறுவிறுவென்று திரும்பி ஏறினாள்.

"சாமி, அந்த இன்னொரு பொட்டலத்தைக் குடுங்க."

"ஒரு தடவை கேட்டா கேட்டதுதாம்மா."

"கேக்கலைங்க. பாக்கணும்."

பிரித்தாள். அதிலும் சிவப்பு. பையைக் கவிழ்த்தாள். வெள்ளை அரளி அப்படியே வாடிக் கிடந்தது. சாமி பாவம், என்ன செய்வார்? தம்பியோடு பேசிக்கொண்டே இரண்டிலும் வேண்டாம் என்று மடித்து வைத்தது அவளுடைய பயந்த கைதான்.

வேணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தனியாக இருக்க அவளுக்குப் பிடிக்காது. ஒருநாளும் பிடித்ததில்லை. 'உங்களுக்கு எது புடிக்கும்' என்று கேட்ட அந்த மனுஷனைப் பிடித்திருந்தது. இவ்வளவு சின்ன விஷயம் தனக்குள்ளேயே இருந்தது இத்தனை நாளாகத் தெரியவில்லையே என்றுதான் அதிகமாக அழுகை வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

"அவருகிட்ட சொல்லிட்டியாடா?"

"அப்பவே சொல்லிட்டேன்க்கா. நீதானே என் இஷ்டம்னே."

அவன் மேல் என்ன தப்பு? எல்லாருக்கும் அவள் கொடுத்துவைத்திருந்த பதில்தானே அது. "அவரு நம்பரை அனுப்பு" என்றாள்.

அவருக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழே திண்டிவனம் பக்கம் வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. கடைசியில் எடுத்துவிட்டார். "நான் வேணி பேசறேங்க" என்றாள்.

"வேணிங்களா? உங்க தம்பி சொல்லிட்டாருங்க. பரவால்ல, நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

"அது எங்க தம்பி சொன்னதுங்க" என்றாள் வேணி. "நான் இன்னும் சொல்லல."