நாலு நர்ஸ், ஐந்து கோமதி

இதனால் சங்கரன்கோவில் நகரப் பொதுமக்களுக்கும், சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கும், ஆடிக்காற்றுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பகல் இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு, ஆயுள்ஜோதி மருத்துவமனையின் முதல் மாடியில், முத்துமீனாள் என்னும் நர்ஸ் ஒரு பேனாவின் மூடியைத் திறக்க மறுத்தாள். உலக மருத்துவ வரலாற்றை இனி இந்த நிகழ்ச்சிக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பிரிக்க ஆள் கிடைத்தால்.

அது ஓவர் நோட்டில் கையெழுத்துப் போடும் பேனா. காலை டூட்டி பார்த்தவள் ஒவ்வொரு கட்டிலாகக் கூட்டிப்போய், யாருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று சொல்லி ஒப்படைப்பாள். மதிய டூட்டிக்காரி கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். அதற்குத்தான் ஓவர் என்று பெயர். கையெழுத்து விழுந்த நொடியிலிருந்து முப்பத்தாறு கட்டிலும் அவள் பொறுப்பு. விழாதவரை முந்தினவள் வீட்டுக்குப் போக முடியாது.

முந்தினவள் மாலா. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள்.

“ஏட்டி மீனா, போட்டுத் தொலையேன். ரெண்டரைக்குச் சிவகிரி பஸ்சு. அத விட்டா நாலு மணிக்குத்தான்.”

“மதியத்துக்கு எத்தன பேருட்டி?”

“நீதான்.”

“சார்ட்டுல நாலு பேரு இருக்கே.”

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட டூட்டி சார்ட். முத்துமீனாள், சுபலட்சுமி, மைமூனம்மாள், சுமதி. சுபலட்சுமி சித்திரையில் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். மைமூனம்மாள் ஷார்ஜாவில் புருஷனோடு இருக்கிறாள். சுமதிக்குத் தை மாதமே அரசாங்க வேலை கிடைத்துவிட்டது. மூவரும் ஊரைவிட்டுப் போனார்களே தவிர, சார்ட்டை விட்டுப் போகவில்லை. போன மாதம் பரிசோதனைக்கு வந்த அதிகாரிகள்கூட அந்தச் சட்டத்துக்கு முன்னால் நின்று, திருப்தியாகத் தலையாட்டி, முந்திரிப்பருப்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

முத்துமீனாளுக்கு இது தொடர்ந்து நாலாவது நாள். மதியமும் ராத்திரியுமாக இரட்டை டூட்டி. குருவிகுளம் பஸ்சில் ஜன்னல் கம்பியில் நெற்றி இடிக்க இடிக்கத் தூங்கியதுதான் தூக்கம். அதனால் அவள் கண்ணுக்கு உலகம் சற்று இளகிக் கிடந்தது. ஜன்னல் வழியே காற்று வந்து பச்சைத் திரைகளை ஊதிப் பெருக்க, வார்டு கரையை விட்டு மெல்ல நகர்ந்தது. கட்டில்கள் தோணிகளைப் போல் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தன. மேலே சலைன் பாட்டில்கள், தலைகீழாகத் தொங்கும் சின்னச் சின்னக் குளங்கள். ஒவ்வொரு குளத்திலிருந்தும் தனித்தனியாக ஒரு மழை, சொட்டுச் சொட்டாக, அவசரமே இல்லாமல்.

அந்த மழைக்குள் மூன்று பேர் வந்தார்கள். சுபலட்சுமி கல்யாண மாலையோடு. சுமதி அரசாங்க அடையாள அட்டை கழுத்தில் ஊசலாட. மைமூனம்மாள் அத்தர் மணக்க. தரையில் கால் பாவாமல் கட்டிலுக்குக் கட்டில் மிதந்தார்கள். தலையணையைத் தொட்டார்கள், தலையணை அசையவில்லை. நாடி பிடித்தார்கள், நோயாளிக்குத் தெரியவில்லை. மிக உத்தமமான நர்சுகள். லீவு கேட்பதில்லை, கால் வலிக்கிறது என்பதில்லை, காப்பிக்குப் போய்த் தாமதமாக வருவதில்லை. எந்த நிர்வாகமும் விரும்புகிற ரகம்.

“மைமூனக்கா, ஒம்பதாம் கட்டிலுக்குச் சுகர் பாத்தியளா?”

மைமூனம்மாள் சிரித்தபடி சுவருக்குள் போய்விட்டாள்.

“யாருகிட்டட்டி பேசுத?” என்று மாலா பதறினாள். வாசலுக்கு வெளியே இருந்த கால் உள்ளே வந்தது. “ஒனக்குக் காய்ச்சலா?”

“இல்ல. நேத்து நடந்தத நெனச்சாத்தான் ஒரு மாதிரி வருது.”

நேற்று நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஊரில் பெண் குழந்தை பிறந்தால் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கோவிலில் அம்மன் கோமதி, வீட்டிலும் கோமதி. அன்றைக்கு வார்டில் மட்டும் ஐந்து. ஒன்பதாம் கட்டில் கோமதியம்மாளுக்குச் சாப்பாட்டுக்கு முன் இருபது யூனிட் இன்சுலின். பத்தொன்பதாம் கட்டில் கோமதித்தாய்க்குச் சுகரே கிடையாது. காய்ச்சல், வாந்தி, இரண்டு நாளாக வெறும் வயிறு. நேற்று மதியம் முத்துமீனாள் ஊசியோடு நடந்து, ஏதோ ஒரு கட்டிலில் நின்று, “கோமதியா?” என்றாள். “ஆமா தாயி” என்று கோமதித்தாய் கையை நீட்டினாள். ஊசிமுனை தோலைத் தொட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஆறுமுகச்சாமி, கிடை ஆடு மேய்க்கிறவர், சும்மா பேச்சுக்குக் கேட்டார்: “இது எதுக்குள்ள ஊசி தாயி?”

“சுகருக்கு.”

“எந்தச் சுகருக்கு?”

அவ்வளவுதான். கை நின்றது. அவர் சிரித்துவிட்டு மறந்துபோனார். அவளால் முடியவில்லை.

மாலா கீழே போன் போட்டிருக்க வேண்டும். நிறுவனர் டாக்டர் விஸ்வநாதன் படியேறி வந்தார். முகப்புப் பலகையில் அவர் பெயருக்கு முன்னால் ‘எலும்பியல் ஏந்தல்’, ‘கருணைக் கொண்டல்’ என்று இரண்டு பட்டங்கள் உண்டு. இரண்டுமே அவருடைய அறக்கட்டளை அவருக்கே வழங்கியவை. சால்வை போர்த்தாத நேரத்திலும் தோளைச் சால்வைக்கு இடம் விட்டுத்தான் வைத்திருப்பார்.

“முத்துமீனாள், செவிலியர் பணி என்பது தொழில் அல்ல, தவம்” என்று இல்லாத மைக்கைப் பார்த்துப் பேசினார். “நம்ம கோமதியம்மனே ஆடி மாசம் ஒத்தக்கால்ல நின்னு தவமிருந்தவ. ஒத்த ஆளா நிக்கதுல என்ன குறைச்சல்?”

“அம்மன் நின்னது வாஸ்தவம் சார். நிக்கையில அவ கையில முப்பத்தாறு பேரு மருந்துச்சீட்டக் குடுத்திருந்தாகளா?”

இருபத்தேழாம் கட்டில் கோமதி தன் சலைன் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

“நாலு பேரு டூட்டியில இருக்கதா எழுதியிருக்கு” என்றார் டாக்டர், சார்ட்டுக்கு முதுகைக் காட்டியபடி.

“அப்போ மத்த மூணு பேரும் கையெழுத்துப் போடட்டும். நாலாவதா நான் போடுதேன்.”

“வேலையில இருக்கணும்னு நெனப்பிருக்கா இல்லையா?”

கேட்க வேண்டிய கேள்விதான். அவளுக்கு இந்த வேலை வேண்டும். இதுவும் போனால் குருவிகுளத்தில் காய்ந்த கரிசல்தான் இருக்கிறது. அந்த மூவரும் ஜன்னலோரம் போய் நின்று அவளையே பார்த்தார்கள்.

“நேத்து ஒம்பதாம் கட்டில் இன்சுலின பத்தொம்பதுக்குப் போடப் பாத்தேன் சார். தோல்ல ஊசி வச்சாச்சு. இந்த அண்ணாச்சி வாயத் தொறக்கலன்னா போட்டிருப்பேன். சுகர் எறங்கி அந்தம்மா அப்படியே தூங்கியிருக்கும். நல்லாத் தூங்குதான்னு நானும் மத்த கட்டிலுக்குப் போயிருப்பேன்.”

வார்டு நின்றுவிட்டது. சொட்டுகள்கூட ஒரு கணம் பாட்டிலைப் பிடித்துத் தொங்கினாற்போல் இருந்தது. ஆறுமுகச்சாமி மெதுவாக எழுந்து பொண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அது ஒன் கவனக்குறைவும்மா. பேரக் கேட்டுட்டுப் போடணும்.”

“கேட்டுட்டுத்தான் போடப் போனேன்.” ஊசித் தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். “வெறும் ஊசிதான் சார், பயப்படாதிய. கோமதிக்குப் போடணும். கூப்பிடுங்க.”

இருபது வருடமாக நோயாளியின் பெயரை அவர் வாயால் கூப்பிட்டதில்லை. எக்ஸ்ரேயைத்தான் பார்த்துப் பேசுவார். எல்லாரும் பார்க்கிறார்களே என்று, மேடைக் குரலில் கூப்பிட்டார்:

“கோமதி!”

“ஏன் சார்?” என்றது நாலாம் கட்டில். “இந்தா இருக்கேன்” என்றது ஒன்பது. பத்தொன்பது பேசாமல் கையை நீட்டியது. “எனக்கு வேண்டாம் சார்” என்றது இருபத்தேழு. தடுப்புத் திரைக்கு அப்பால், ஆண்கள் பக்கத்திலிருந்து, மாவுக்கட்டுப் போட்ட காலோடு மீசைக்காரர் கோமதிநாயகம், “என்னவே?” என்றார்.

எலும்பியல் ஏந்தல் ஐந்து பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் தட்டு சாய்ந்தது. ஊசி உருண்டு உருண்டு ஓரத்துக்கு வந்தது.

“இப்போ என்னதான் செய்யச் சொல்லுத?” மேடைத் தமிழ் எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

பதில் சொன்னது மாலா. அவள் பை இதற்குள் மேசைக்கு வந்திருந்தது. “மேல டீலக்ஸ் ரூம்ல ரெண்டு நர்சு இருக்காக சார்.”

டீலக்ஸ் அறையில் டாக்டரின் சம்பந்தி சங்கரராமன் உடம்பு செக்கப்புக்காக எட்டு நாளாகத் தங்கியிருந்தார். நோய் எதுவும் இல்லை. ஒரு நர்ஸ் பிரஷர் பார்த்தாள். மற்றவள் இளநீர் வெட்டி முடிந்ததா என்று பார்த்தாள்.

டாக்டர் கோமதித்தாயின் நீட்டிய கையைப் பார்த்தார். அவள் இன்னும் மடக்கவில்லை. போனை எடுத்து, “சம்பந்தி, கொஞ்ச நேரத்துக்கு நீங்களே இளநியக் குடிச்சிக்கிடுங்க” என்றார்.

இரண்டு நர்சுகள் இறங்கி வந்தார்கள். இவர்கள் கால் தரையில் பட்டது. செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. முத்துமீனாள் பேண்டேஜ் துணியைக் கிழித்து, ஐந்து மணிக்கட்டிலும் கட்டி, கட்டில் எண்ணும் ஊரும் எழுதினாள். கோமதிநாயகம் தன்னுடையதை ராக்கிக் கயிறு மாதிரி எல்லாருக்கும் காட்டினார். மாலா முதல் கட்டிலிலிருந்து ஓவர் சொல்லிக்கொண்டே வர, முத்துமீனாளும் இறங்கி வந்த இருவரும் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். பூக்கடைப் பக்கமிருந்து காற்று மல்லிகை வாசத்தைச் சுமந்துகொண்டு வந்து வார்டில் இறக்கியது. ஜன்னலோரம் நின்ற மூவரையும் காணவில்லை.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவள் பேனாவின் மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டாள். மாலா நாலு மணி பஸ்சுக்குப் போனாள். டாக்டர் சார்ட்டைக் கழற்றச் சொல்லி, உடனே புதுசு அடித்து மாட்ட உத்தரவு போட்டார்.

மறுநாள் மதியம் புதுச் சார்ட் மாட்டியிருந்தது. அதில் ஆறு பெயர். வந்தது முத்துமீனாள் மட்டும்.