மணி கட்டிய பிறகு

இறந்துபோன அண்ணனின் தாடையைக் கொலோமா துணியால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பேராலயத்திலிருந்து குருவானவர் பெர்னாத் வந்தார். முகத்தில் துக்கத்தைவிட அவசரம்தான் அதிகம்.

"இன்னிக்கு மத்தியானமே அடக்கம் பண்ணிடணும், கொலோமா."

"பாட்டு, சாமி?"

"பெரிய வியாழன் பூசையில மணியைக் கட்டிட்டா, ஈஸ்டர் வரைக்கும் செத்தவங்களுக்குப் பாட்டேது? மணியும் கிடையாது, ஆர்கனும் கிடையாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். நாற்பது வருடம் அந்தப் பேராலயத்தின் பாடகர்களை நடத்தியவர் வீட்டில் அடுப்பெரித்தவள் அவள். அண்ணன் நர்சீஸ் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டுகளை ஜெரோனா நகரம் வரை பாடினார்கள். அதெல்லாம் கோவில் சொத்து. தனக்கென்று அவர் எழுதியது ஒன்றே ஒன்று, பன்னிரண்டு குரல்களுக்கான மரணப் பூசைப் பாட்டு. "இதைப் பாடித்தான் என்னைக் குழியில இறக்கணும்" என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"திங்கக்கிழமை வரை வச்சிருக்கலாமே, சாமி. அன்னிக்குப் பாடலாம்ல?"

குருவானவர் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். நீர் கோத்து வீங்கிய கால்களில் தோல் வெடித்துக் கசிந்தது.

"இந்த உடம்பையா? அடக்கம் ஆகட்டும்மா. ஈஸ்டர் முடிஞ்சதும் ஜமாய்ச்சுடலாம்."

"அண்ணன் மண்ணுக்குள்ள போனப்புறமா?"

அவர் போர்வையை இழுத்து மூடினார்.

புதன்கிழமையே போகவேண்டிய உயிர். மனசு கேட்காமல் கொலோமாதான் வாயைத் திறந்து கோழிச்சாறு ஊட்டினாள். இன்னும் ஒரு நாள் கொடு தாயே என்று மாதாவிடம் கெஞ்சினாள். மாதாவும் கணக்காக ஒரே நாள் கொடுத்தாள். இன்று வியாழன் காலை பூசையில் மணிகளைக் கட்டிப்போட்ட ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றது. கொலோமாவுக்குத் தன் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தெருவில் மத்ராக்கா என்ற மரக்கருவி சடசடத்தது. மணி கட்டிய நாட்களில் மணிக்குப் பதிலாக அதைத்தான் சுழற்றுவார்கள். மரச்சுத்தி பலகையில் மோதும் அந்தச் சனியன் பிடித்த சத்தம் நர்சீசின் காதில் விழவே கூடாது. "செத்தவன்கூட எந்திரிச்சு ஓடிருவான்" என்பார். வருடாவருடம் இந்த நாட்களில் கோவிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு, உப்பைக்கூடச் சைகையில்தான் கேட்பார்.

"தூக்குற ஆளுங்க வந்துட்டாங்க. மத்ராக்கா முன்னால போகும், நாம பின்னால போகணும்."

"ஒரு நிமிஷம், சாமி."

தலைமாட்டில் எரிந்த மெழுகுவத்தியிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். இளகும்வரை விரல்களில் பிசைந்து, இரண்டு உருண்டைகள் உருட்டினாள். குருவானவர் ஏதோ கேட்க வாயெடுத்தவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணனின் வலது காதில் ஒன்றை வைத்து அழுத்தினாள். பிறகு தலையை மெல்லத் திருப்பி, இடது காதில்.