படியிறங்கும் வித்தை

வங்காளிகள் நெரியும் கரியாஹாட் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருக்கும் மருதமுத்துவுக்கு மனிதர்களின் முதுகைப் படிக்கத் தெரியும். விலை படியாமல் இறங்குகிற பெண்மணி விறுவிறுவென்று போனால் போனதுதான். காதைக் கடையிலேயே விட்டுவிட்டு மெதுவாகப் போனால், கடைசிப் படிக்கு முன்னால் "பௌதி, இங்க வாங்க" என்று, அண்ணி முறை வைத்து, ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் கூப்பிட்டவன் குறைத்துக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஆளை இரண்டாம் முறை எந்தக் கடைக்காரனும் கூப்பிட மாட்டான்.

இந்த வித்தையை அவர் ஒரு தடவை கடவுளிடமும் காட்டியிருக்கிறார். மனைவி கல்பனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காளிகாட் கோயிலுக்குப் போய், அம்மனுக்கு ஒரு பட்டுப்புடவை என்று ஆரம்பித்தார். டாக்டரின் முகம் சுருங்கச் சுருங்க இவருடைய புடவையில் ஜரிகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் காளிக்குத் தங்க நாக்கு செய்து போடுவது வரைக்கும் வந்துவிட்டார். அதற்கும் அசைவில்லை என்றதும், "இதுக்கு மேல நமக்குக் கட்டாது தாயே" என்று சொல்லித் திரும்பி நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். பூசை செய்துவைக்கிற பண்டா கூப்பிட்டான், செம்பருத்தி மாலை விற்கிறவன் கூப்பிட்டான், செருப்புக்குக் காவல் இருந்தவன்கூடக் கூப்பிட்டான். கூப்பிட வேண்டியவள் கூப்பிடவில்லை. சந்து முனைக்கு வந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

கல்பனா போன அன்றிலிருந்து வீட்டில் சாமி விளக்கு கிடையாது. கடையில் மட்டும் பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் காளிக்கும் ஊதுபத்தி உண்டு. அது வாடிக்கையாளர்களுக்காக.

மகள் இந்துஜா விஷயத்தில் வித்தை எதிர்ப்பக்கம் நடந்தது. போன பூஜை சீசனில், கூட்டம் நெரிகிற நேரத்தில் கடைக்கு வந்து, கௌஷிக்கைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வங்காளிப் பையன், சாமி கும்பிடாத குடும்பம். இவர் விளக்கேற்றுவதில்லை என்பது வேறு விஷயம், சம்பந்தி வீட்டில் ஏற்ற வேண்டாமா?

"போறதுன்னா போ. என்னைக் கேக்காத."

அவள் படி இறங்கினாள். மெதுவாகத்தான் இறங்கினாள். கடைசிப் படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டாள். மருதமுத்து மடிப்புக் கலைந்த ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தார். தானே திரும்பி வருவாள் என்று கணக்கு. வரவில்லை. தோழி வீட்டில் தங்கிக்கொண்டாள்.

பல மாதம் கழித்து அவளே போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை ரிஜிஸ்டர் கல்யாணம்ப்பா. அப்புறம் கௌஷிக் வீட்ல சின்னதா ஒரு கூட்டம். புரோகிதர் கிடையாது, மந்திரம் கிடையாது. ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் அவங்கவங்க எதை நம்புறாங்கன்னு சொந்த வார்த்தைல சொல்லணும். அவ்ளோதான் சடங்கு."

"சாமி பேரச் சொல்லலாமா?"

"நம்பினா சொல்லுங்க. கடை ஊதுபத்தி மாதிரி வேண்டாம்."

"ஒண்ணையும் நம்பலைன்னா?"

"அதையே சொல்லுங்க. பொய் இல்லாம ஒண்ணு உங்க வாயால கேக்கணும், அதான் கூப்பிடுறேன்."

போனை வைத்ததும் அவருக்கு முதலில் தோன்றியது, அவள்தான் முதலில் கூப்பிட்டாள் என்பது. அடுத்துத்தான் கேள்வி வந்தது. எதைச் சொல்வது? கடையில் புடவை உதறும்போதெல்லாம் யோசித்தார். எடுத்த எடுப்பில் வந்த சாமிகளையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்ததில், தானாக நாலு வரி நின்றது:

'படியிறங்கிப் போறவங்களைத் திரும்பக் கூப்பிடுற குரல்தான் சாமி. என்னை அது கூப்பிடல. நானும் என் மகளைக் கூப்பிடல. அந்தக் குரல் என் வாய்க்குள்ளதான் இருந்திருக்கு, நான்தான் மூடி வச்சிருந்தேன்.'

கடையில் ஆளில்லாத நேரத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கௌஷிக் வீட்டு மாடியில் கூடம் நிறைய ஆட்கள். கௌஷிக்கின் அம்மா ஸ்மிதா, கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், இரண்டு பக்கம் வாசித்தார். மனிதநேயத்தில் புறப்பட்டு நட்சத்திர மண்டலம் வரை போய்த் திரும்பினார். எல்லா மதத்துச் சரக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்து இறங்கியிருந்தது, சுங்கம் கட்டாமல்.

அடுத்து மருதமுத்து. அவர் தமிழில் சொல்ல, இந்துஜா பக்கத்தில் நின்று வங்காளத்தில் சொன்னாள்.

"படியிறங்கிப் போறவங்களைத் திரும்பக் கூப்பிடுற குரல்தான் சாமி" என்றார். காளிகாட்டில் நடந்ததைச் சொன்னார். "என்னை அது கூப்பிடல."

அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது இந்துஜாவின் குரல் தழுதழுத்தது. சொல்லி முடித்து அவர் முகத்தையே பார்த்தாள். கடைப் படியில் செருப்பு வாரைச் சரிசெய்தபோதும் இப்படித்தான் நின்றாள். மீதி வரிகள் அவர் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் அவை கடைசி விலை. எதிராளி ஒரு படி இறங்காமல், அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால், கடைசி விலையை யார் சொல்வார்கள்? அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும், 'நான் போனது தப்புப்பா' என்று. அப்புறம் மொத்தத்தையும் கொட்டிவிடலாம்.

"இவ்வளவுதானாப்பா?"

"இவ்வளவுதாம்மா."

பேரம் கேட்பவர்களுக்கு 'ஒரே விலை' என்று சொல்கிற அதே குரலில் அது வந்து விழுந்தது. இந்துஜா தலையாட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கூப் ஷுந்தோர், தாதா" என்றார் ஸ்மிதா. "ரொம்ப அழகு, அண்ணா. எழுதிக் கொடுங்கள், எங்கள் பத்திரிகையில் போடலாம்."

சாப்பிடச் சொன்னார்கள். கடை இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டார். மாடிப்படியில் மெதுவாக இறங்கினார். கடைசிப் படியில் நின்று, சரியாகவே இருந்த செருப்பைச் சரிசெய்துகொண்டார். மேலே யாரோ சிரித்தார்கள், தட்டுகள் ஓசைப்பட்டன.

தெருவில் நின்று நிமிர்ந்தார். பால்கனியில் இந்துஜா. சிவப்புக் கரைப் புடவை. அடுத்த கடைச் சரக்கு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருடைய முதுகு எந்த வேகத்தில் போகிறது என்று பார்க்க நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பெண். போனில் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

டாக்சி ஒன்று வேகத்தைக் குறைத்தது. "ஜாபேன், தாதா?" வருகிறீர்களா என்று கேட்டான் ஓட்டுநர்.

மருதமுத்து வாடகை பேசாமல் ஏறிக்கொண்டார்.