பொருநை அவென்யூவின் புயல் ஆலோசகர்

கிரேஸி உவரியில் பிறந்தவள் என்பது உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்பிலேயே பாளையங்கோட்டை விடுதிக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு கடலைப் பார்த்ததெல்லாம் அந்தோனியார் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போதுதான். ஒருமுறை அப்பா வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனபோது கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். இப்போது டவுணில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள். கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கேட்டால் பொழுது போவது தெரியாமல் பேசுவாள். காற்றைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மின்விசிறியைக் கூட்டிக் குறைப்பது மட்டும்தான்.

தச்சநல்லூரைத் தாண்டி, வயலை நிரவிக் கட்டிய, அவள் குடியிருக்கும் பொருநை அவென்யூவில் இதையெல்லாம் யாரும் காதில் வாங்கவில்லை. வங்கக் கடலில் புயல் உருவாகி, தென்மாவட்டங்களை நோக்கி வருகிறது என்று செய்தி வந்த அன்று மாலையே குடியிருப்போர் சங்கத் தலைவர் வெங்கட்ரமணன் அவசரக் கூட்டம் போட்டார். அவர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். புயலுக்கு ஏன் கண் இருக்கிறது என்பதை வெகுநேரம் விளக்கினார். பிறகு மெதுவடையும் காப்பியும் வந்தன. பேரிடரை எதிர்கொள்ளும் பணி இவ்வாறு சிறப்பாகத் தொடங்கியது.

வடை தீர்ந்தபோது அவர் பார்வை கிரேஸி மேல் விழுந்தது.

"நம்ம டாக்டர் கடலோரத்துல பொறந்தவா. புயலோடயே வளர்ந்தவா. இதுக்கு அவாளை விட்டா யார் இருக்கா?"

தனக்கு ஒன்றும் தெரியாது என்று கிரேஸி சொன்னாள். அது தன்னடக்கம் என்று முடிவாயிற்று. எல்லோரும் கைதட்டி அவளைப் புயல் ஆலோசகராக ஆக்கினார்கள். புயல் வந்தால் உங்கள் ஊரில் என்னதான் செய்வார்கள் என்று விடாமல் கேட்டார்கள். அவளுக்கு ஒரே ஒரு காட்சிதான் நினைவுக்கு வந்தது. அப்பா வள்ளத்தைக் கரைக்கு இழுத்து, தென்னையில் கயிறு போட்டுக் கட்டுவார். அதைச் சொல்லித் தொலைத்தாள்.

மறுநாள் காலையில் வெளியே வந்தால், அவென்யூவின் கார்கள் அத்தனையும் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. ரத வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நாசர் அப்போதுதான் வாங்கியிருந்த காரை வேப்பமரத்தில் கிடாயைப் போலக் கட்டிவிட்டு, முடிச்சு சரியா என்று பார்க்கும்படி கிரேஸியைக் கூப்பிட்டார். அவள் கயிற்றை இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவன் ஜேசுதாசனிடம் போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கார்களோடு தலைவரின் மனம் நிறையவில்லை. முன்பொரு மார்கழியில் வந்த பெருவெள்ளத்தில் தண்ணீர் வெளியிலிருந்துதானே உள்ளே வந்தது? எனவே அவென்யூவின் சுற்றுமதிலில் இருந்த ஒரே திறப்பான நுழைவாயிலை மறித்து, மணல் மூட்டைகளை அடுக்கச் செய்தார். வாயிலை ஒட்டிய பள்ளத்து வீட்டில் இருக்கும் பள்ளி ஆசிரியை பொன்செல்விக்கு அந்த வெள்ளத்தில் பீரோவிலிருந்து கல்யாண ஆல்பம் வரை எல்லாம் போயிருந்தது. உள்ளே பெய்கிற மழை எந்த வழியாகப் போகும் என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி, அடுத்த கமிட்டியில் எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவர் பாராட்டினார்.

புயல், தென்மாவட்டங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் ஆந்திராப் பக்கம் போய்விட்டது. நம் ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி என்று தலைவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்.

அதற்கடுத்த நாள் வந்தது, பெயர்கூட வைக்கப்படாத சாதாரண மழை. காலையில் பிடித்தது மதியம் வரை விடவில்லை. வெளியே சாலையில் டவுண் பஸ்கள் வழக்கம்போல ஓடின. பொருநை அவென்யூவுக்குள் மட்டும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வெளி உலகிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நனைந்து இறுகிப்போன முடிச்சோடு நாசர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கார் அமைதியாக மூழ்கிக்கொண்டிருந்தது.

பொன்செல்வி டிவியைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு வாசலில் நின்றாள். கிரேஸியைப் பார்த்ததும், "அக்கா, திரும்பவும் வந்துட்டு" என்றாள். அவள் அழவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் கிரேஸிக்குத் தான் சிரித்த சிரிப்பெல்லாம் கசந்தது.

தலைவர் குடை பிடித்தபடி மணல் மூட்டைகளுக்குக் காவல் நின்றார். மூட்டைகளை எடுத்துவிடுங்கள் என்றாள் கிரேஸி. புயல் சில சமயம் வளைந்து திரும்பும் என்றார் அவர். வெளியே தண்ணீரே இல்லையே என்று அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் காற்றழுத்தத்தை விளக்கத் தொடங்கினார். பல் டாக்டர் சொல்லி இந்த மனிதர் கேட்கப்போவதில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. வேறு வழியில்லாமல் உவரிக்காரியானாள்.

"சார், உள்ள தண்ணி கெடந்தா புயல் அதைத் தேடித் திரும்பி வரும்னு எங்க அப்பா சொல்லுவாரு. எங்க ஊர்ல மொதல்ல வாசலைத் தொறந்து விட்டுருவோம்."

அவள் அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. பேராசிரியரின் முகம் மலர்ந்தது.

"பாரம்பரிய ஞானம்னா இதுதான். முன்னாடியே சொல்லியிருக்கப்படாதோ?"

முதல் மூட்டையைத் தானே தூக்கப் போனார். அது அசையவில்லை. நாசரும் மற்றவர்களும் சேர்ந்து இழுத்துப் போட்டதும் தண்ணீர் இரைச்சலோடு சாலைக்குப் பாய்ந்து, எதிர்ப்பக்க ஓடையில் விழுந்தது. நாசரின் கயிற்றை அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தார்கள். காரை ஒர்க்‌ஷாப் வண்டி வந்து இழுத்துக்கொண்டு போயிற்று.

கட்டில் கால் நனைந்ததோடு பொன்செல்வி வீடு தப்பியது. இரண்டு பேருமாகச் சேறு தள்ளினார்கள். மனம் உறுத்தவே, தான் சொன்னது முழுப் பொய் என்று கிரேஸி ஒப்புக்கொண்டாள்.

"தெரியும்க்கா. நானும் அங்கனதான நின்னேன். நல்லாத்தான் சொன்னீய." விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பொன்செல்வி சற்று யோசித்தாள். "ஆனா ஒவ்வொரு மழைக்கும் நீங்க பொய் சொல்லிட்டு இருக்க முடியுமா? அடுத்த எலக்சன்ல நான் நிக்கப் போறேன்."

சொன்னபடி நின்றாள். கிரேஸி வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டாள். பொன்செல்வி ஜெயித்து, பொங்கல் கழிந்ததும் மதில் சுவரை உடைத்து வடிகால் போட்டாள். திறப்பு விழாவில் வெங்கட்ரமணன் தலைமை தாங்கி, தண்ணீர் ஏன் பள்ளத்தை நோக்கிப் பாய்கிறது என்பதை விரிவாக விளக்கினார்.