பெயர்த்து ஒட்டிய வில்லை

1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள், வெள்ளிக்கிழமை. அன்று காலை முதலே மேல்காற்று பலமாக வீசியது. வானத்தில் மேகம் இல்லை. வெப்பம் மிகுதியாக இருந்தது. சுரங்கத்திலிருந்து கிளம்பிய பழுப்புத் தூள், எங்கள் பிளாக்கில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளின் மீதெல்லாம் படிந்தது.

மாலையில் ஜெனரல் ஷிப்டு முடிந்து நான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது, ராஜாங்கம் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். அவர் எனக்கு மாமன் முறை. எங்கள் இருவருக்கும் ஒரே ஊர். அந்த ஊர் நிலக்கரிக்காக எடுக்கப்பட்டு, இப்போது பள்ளமாகிவிட்டது. நான் பர்மனென்ட் தொழிலாளியாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவரோ இன்னும் கான்ட்ராக்டில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. பத்து நாட்களுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த மனு அது. அவருடைய வீடும் நிலமும் சுரங்கத்திற்கு எடுக்கப்பட்டன என்று தாசில்தார் சான்று வழங்கினால், நிரந்தர வேலைக்கான பட்டியலில் அவர் பெயர் சேரும். அச்சான்றைக் கேட்டே மனு எழுதப்பட்டது.

"திருப்பி அனுப்பிட்டாங்க மாப்ள. என்னா எழுதிக்கிறாங்கன்னு பாரு."

மனுவின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: 'சர்வே எண் குறிப்பிடப்படவில்லை. பூர்த்தி செய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

"நம்பர் ஒண்ணுதான் மாமா விட்டுப்போச்சு."

"அப்ப ஓரத்துல எழுதிக் குடுத்துடு. நாளைக்கு ரெண்டாவது சனிக்கெழம, ஆபீசு இருக்காது. திங்கக்கெழம காலையில போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதற்கு அரை நிமிடம் போதும். நான் மறுத்துவிட்டேன்.

அதற்குரிய காரணத்தை இங்குக் கூறுவது அவசியம். நான் என் முப்பத்தாறாம் வயதில் எழுத்துக் கற்றவன். முதியோர் வகுப்பில் இரண்டு ஆண்டுகள் பயின்று, தேர்வில் முதலாவதாகத் தேறினேன். அதன் பின்னர் எங்கள் ஊராருக்கு இருபத்தேழு மனுக்கள் எழுதிக் கொடுத்தேன். அவற்றுள் ஒன்றிலும் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. திரும்பி வந்த தாளிலோ சிவப்பு மையும் மடிப்பும் விரல் கறையும் இருந்தன. இத்தகைய தாளை அதிகாரியின் மேசைக்கு மீண்டும் அனுப்புவது எனக்கு இழுக்கு என்று கருதினேன்.

"ஞாயித்துக்கெழம வா மாமா. புதுத் தாள்ல முத்து முத்தா எழுதி வெக்கறேன்."

"ஸ்டாம்பு?"

"அது எதுக்கு இன்னொண்ணு? இதத்தான் எடுத்து ஒட்டணும். அவங்க வேலைய முடிக்கல. அப்பறம் ஸ்டாம்பு மட்டும் எப்படி முடிஞ்சுபோவும்?"

அவர் சிரித்தார். "நீ படிச்சவன், ஒனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

ஒரு ரூபாய் முத்திரை வில்லை அது. ஈரத் துணியை அதன் மேல் வைத்திருந்து, ஓரம் கிழியாமல் பெயர்த்தெடுத்தேன். அதன் மீது அலுவலகத்தார் தேதி முத்திரை குத்தியிருந்தனர். ஊதா நிற வட்டத்தின் பாதி வில்லையிலும் மறுபாதி பழைய தாளிலும் விழுந்திருந்தது. புதிய தாளில் ஒட்டினால் அரை வட்டம் மட்டும் அநாதையாக நிற்கும்; பார்வைக்கு நன்றாயிராது. ஆதலால் பஞ்சை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்து, அவ்வரை வட்டத்தைப் பொறுமையாகத் துடைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் மனைவி பார்வதி, "வில்லைக்கு மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டறது ஒண்ணுதான் பாக்கி" என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை ராஜாங்கம் அம்மனுவில் பெருவிரல் ரேகை வைத்து, பழைய தாளையும் இணைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். தாலுகா அலுவலகத்தின் எழுத்தர் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். துடைத்த இடத்தில் வில்லையின் நிறம் வெளுத்திருந்ததாம். இரண்டு வாரங்கள் கழித்துக் கான்ஸ்டபிள் ஒருவர் மிதிவண்டியில் கான்ட்ராக்ட் குடிசைகளுக்கு வந்து, ராஜாங்கத்தை அழைத்துச் சென்றார். மறுநாள் ஜாமீனில் விட்டனர்.

அரசாங்கத்தின் முத்திரை வில்லையில் பயன்பட்டதற்கான அடையாளத்தை அழித்தல், பயன்பட்ட வில்லையை மீண்டும் பயன்படுத்துதல் என்பன அவர் மீது சாட்டப்பட்ட குற்றங்கள். மனு அவர் பெயரில் இருந்தது, ரேகையும் அவருடையது. எழுதியவர் யார் என்று கேட்டதற்கு, "ரோட்டோரம் ஒக்காந்துகினு இருந்த ஆளு" என்று அவர் கூறிவிட்டார்.

செய்தி குடிசைகளில் பரவியபோது, அது கள்ள நோட்டு வழக்காக மாறியிருந்தது. சைபுல்லாவின் தேநீர்க் கடையில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். ராஜாங்கம் நீட்டிய எட்டணா நாணயத்தைச் சைபுல்லா மேசைக் கல்லில் தட்டிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. சத்தம் நல்லாத்தான் இருக்கு. வூட்லியே அடிச்சதா?"

கடையில் இருந்தவர்கள் உரக்கச் சிரித்தனர்.

"ஆமா பாய். ஒனக்கு வேணும்னா சொல்லு, நாளைக்கு ஒரு படி அடிச்சுக்கினு வரேன்" என்றார் ராஜாங்கம். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் முதல் அவர் அக்கடைக்கு வரவில்லை.

லேபர் ஆபீசர் அவரை அழைத்து, நிலைமையைத் தெளிவாகச் சொன்னார். நானும் உடன் இருந்தேன்.

"உன் இடத்த ஆகஸ்டு கடைசி வரைக்கும் நிறுத்தி வெக்கறேன். விடுதலைன்னு தீர்ப்பு வந்தா, சான்றோட வா. தண்டனைன்னு வந்தா ஒண்ணும் செய்ய முடியாது. அஞ்சு ரூபா அபராதமா இருந்தாலும் சரி. பிற்பாடு இந்த ஜென்மத்துல பர்மனென்ட் கிடையாது."

நாங்கள் விருத்தாசலம் சென்று வக்கீல் கருணாகரனைப் பார்த்தோம். அவர் தடித்த சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

"கள்ள நாணயம் வார்க்கறவன், கள்ள ஸ்டாம்பு அச்சடிக்கறவன், அவனுங்க எல்லாம் இருக்கற அத்தியாயத்துலதான் உங்க எலுமிச்சம்பழமும் இருக்கு. மூணு வருஷம் வரைக்கும் போகலாம். ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பழைய மனுவிலேயே நம்பரைச் சேர்த்துக் குடுத்திருந்தா புது ஸ்டாம்பே தேவையில்லையே. அதை ஏன் செய்யல?"

நான் புத்தகத்தின் எழுத்துகளைப் பார்த்தேன். வக்கீல் தொடர்ந்தார்.

"மோசடி எண்ணம் இருந்தாத்தான் குற்றம். இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதின ஆள் கோர்ட்டுக்கு வந்து, 'நான்தான் பெயர்த்தேன், நான்தான் துடைச்சேன், இவருக்கு அழிச்சது தெரியாது'ன்னு சொல்லணும். சொன்னா இவர் விடுதலை."

"சொன்ன ஆளுக்கு?" என்று நான் கேட்டேன்.

"அவர் கூண்டுல ஏறுவார். அவர் யாரு? கிடைப்பாரா?"

ராஜாங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கெடைப்பார்" என்றேன் நான்.

அன்று நாங்கள் பேருந்திலிருந்து இறங்கிக் குடிசையை அடைந்ததும், அவர் மனைவி தனகோட்டி நேராக என் முன் வந்து நின்றார்.

"தம்பி, ஒன் எழுத்து அழகா இருக்கணும்னு எங்க பொழப்பத் தொடச்சுப்புட்ட. எலுமிச்சம்பழம் மிச்சம் இருந்தா குடு, நானும் இந்த மூஞ்சியத் தொடச்சுக்கறேன்."

"வாய மூடு" என்றார் ராஜாங்கம்.

"ஏன் மூடணும்? மூணு புள்ளைங்க. கான்ட்ராக்டரு இன்னிக்கு வான்னா வேல, நாளைக்கு வராதன்னா பட்டினி. கோர்ட்ல வந்து சொல்லுவியா மாட்டியா? அத மட்டும் சொல்லு தம்பி."

"சொல்றேன் அக்கா" என்றேன். அதை முழு மனத்துடனேயே கூறினேன். இதில் ஐயம் வேண்டா.

விசாரணை நாள் வரை இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒவ்வொரு நாளும் குவார்ட்டர்ஸின் குழாயைத் திருகும்போதும், விளக்கைப் போடும்போதும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பார்வதி அக்கேள்வியை ஒரே ஒரு முறை வாய்விட்டுக் கேட்டாள்.

"போய்ச் சொல்லுங்க, வேணாங்கல. வரும்போது இந்த வூட்டுச் சாவிய எங்க குடுக்கணும்னும் கேட்டுக்கினு வந்துடுங்க."

விசாரணை நாளான ஆகஸ்டு 28ஆம் நாளும் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது மணி பன்னிரண்டு இருக்கலாம். ராஜாங்கம் வெள்ளை வேட்டி உடுத்திக் கூண்டில் நின்றார். தனகோட்டி பின் வரிசையில் அமர்ந்திருந்தார். நான் நடு வரிசையில் இருந்தேன். வக்கீல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

குற்றச்சாட்டு படிக்கப்பட்டது. மாஜிஸ்திரேட் இரண்டு மனுக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார்.

"நல்ல எழுத்து. அச்சுப் போல இருக்கிறது. இதை எழுதியவர் யார்?"

நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அதுவே. என் கால்களும் அசைந்தன. ஆனால் அந்தக் கணத்தில் என் உள்ளத்தில் முதலில் தோன்றியது அச்சம் அன்று. மகிழ்ச்சியே தோன்றியது. ஒரு மாஜிஸ்திரேட், வழக்குமன்றத்தில், என் எழுத்தைப் புகழ்ந்துவிட்டார் என்னும் மகிழ்ச்சி. இதை மறைப்பது முறையாகாது. அம்மகிழ்ச்சி அடங்கிய பின்னரே அச்சம் வந்தது. அச்சத்துடன் குழாயும் விளக்கும் சாவியும் வந்தன. நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

ராஜாங்கம் கூண்டிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் நிமிரவில்லை. பிறகு அவர் குரல் கேட்டது.

"பேரு தெரியாதுங்க. ரோட்டோரம் ஒக்காந்துகினு எழுதற ஆளுங்க. தப்பு எம்மேலதாங்க. ஒத்துக்கறேங்க."

வக்கீல் கருணாகரன் பதறி எழுந்து, "கனம் கோர்ட்டார் அவர்களே, ஒரு நிமிஷம்" என்று கூறிக் கூண்டின் அருகே சென்றார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினர். "சாட்சி இருக்கார்னு சொன்னீங்களே?" என்று வக்கீல் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

"வரலீங்க" என்றார் ராஜாங்கம்.

பின்வரிசையில் தனகோட்டி எழுந்து நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்; கத்தியிருந்தால் ஒருவேளை நானும் எழுந்திருப்பேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மீண்டும் அமர்ந்துவிட்டார்.

மாஜிஸ்திரேட் இரக்கம் உள்ளவர். குற்றவாளி எழுத்தறியாதவர் என்பதையும், குற்றத்தைத் தாமாகவே ஒப்புக்கொண்டார் என்பதையும், அரசுக்கு ஏற்பட்ட இழப்பு ஒரு ரூபாய் என்பதையும் கருத்தில் கொண்டு, இருபத்தைந்து ரூபாய் அபராதமும் கோர்ட்டு கலையும் வரை காவலும் விதித்தார். இதைவிடக் குறைந்த தண்டனை அப்பிரிவில் யாரும் பெற்றதில்லை என்று அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் மெச்சினார். அபராதத்தை நான் கட்டினேன். தனகோட்டி அதைத் தடுக்கவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

ராஜாங்கத்தைச் சுவரோரமாக இருந்த பெஞ்சில் அமர்த்தினர். வேறு வழக்குகள் நடந்தன. பிற்பகலில் நான் அவருக்குத் தேநீர் வாங்கிச் சென்றேன். அவர் அதை வாங்கிக் குடித்தார்.

"மாமா" என்றேன்.

"எனக்கு வேல போனது போனதுதான். நீயும் போயி என்னா ஆவப்போவுது?" என்றார். காலிக் கோப்பையை நீட்டும்போது, "ஆனா நீ எழுந்திருப்பன்னு நெனச்சேன் மாப்ள" என்றும் கூறினார்.

தீர்ப்பின் நகலை லேபர் ஆபீசுக்கு அனுப்புவதற்காகக் கான்ஸ்டபிள் உறையில் இட்டு ஒட்டினார். கடைசி வழக்குக்கு வாய்தா போடப்பட்டது. மாஜிஸ்திரேட் எழுந்தார், எல்லோரும் எழுந்தனர், நானும் எழுந்து நின்றேன். கோர்ட்டு கலைந்தது. அப்போது மாலை மணி ஐந்து, நிமிடம் பத்து.