எதோடும் சேராதவை

பட்டணத்து ஆராய்ச்சி நிலையத்தில் சண்டை போட்டுக்கொண்டு சுப்பாத்தாள் கொல்லங்கோட்டுக்குத் திரும்பியது 1974-ல். கல்யாணமும் வேண்டாம் என்றவளை எங்கே வைப்பது? அண்ணன் மாந்தோப்பு மோட்டார் ரூமைக் கொடுத்தார். ஊர் அவளுக்குக் கரண்டுக்காரி என்று பெயர் வைத்தது. அதோடு ஊருக்கும் அவளுக்கும் பேச்சு முடிந்தது.

அவள் அங்கே செய்தது, தன் இணைப்புகளைத் தானே மாற்றிக்கொள்ளும் பலகை. கனத்த ஒலிக்குப் பச்சை விளக்கும் கீச்சொலிக்குச் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். வழி சொல்லித் தரமாட்டாள். பலகையே தன்மேல் செருகியிருக்கும் ஐ.சி. சில்லுகளை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்க்கும். சரியாக வந்ததை, நல்ல கதிரை விதைக்கு நிறுத்துவது போல, வைத்துக்கொள்ளும். இணைப்பில் இருக்கிற ஐ.சி. பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு எரியும். மூன்று வருஷம் கழித்து ஒருநாள் பலகை தப்பே செய்யவில்லை. சுப்பாத்தாள் கைதட்டினாள். கேட்க ஆள் இல்லை என்று உறைத்ததும் அழுதாள்.

ஒன்று மட்டும் அவளுக்கே பிடிபடவில்லை. சில ஐ.சி.க்கள் எதோடும் சேராமல், விளக்கு எரியாமல் நின்றன. ஆனால் அவற்றில் ஒன்றைப் பிடுங்கினாலும் பலகை தடுமாறியது. பக்கத்தில் நின்றாலே போதும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஆராய்ச்சி நிலையத்துப் பழைய பேராசிரியர் கபிரியேல் பார்க்க வருவதாகச் சொன்னார். பலகை ஓடினால் மறுபடி வேலை. வேலையைவிட, கூட உட்கார்ந்து தர்க்கம் பண்ண நாலு பேர். அந்த நாலு பேருக்காகத்தான் அவள் ஏங்கினாள்.

ஸ்டேஷனிலிருந்து அவரை அழைத்து வந்தபோது ரூம் பளிச்சென்று இருந்தது. உள்ளே அண்ணன் மனைவி மருதாத்தாள், கையில் ஒரு டம்ளரோடு நின்றாள். அந்த ரூமுக்குள் காலடி வைத்த முதல் ஆள் அவள்தான்.

சுப்பாத்தாள் சுவிட்சைப் போட்டாள். எந்த ஒலிக்கும் இரண்டு விளக்கும் சேர்ந்தே மினுங்கின. பலகையில் அங்கங்கே ஓட்டைகள்.

"விருந்தாளி வாராங்கன்னு களை எடுத்து வெச்சேன் அம்மணி. வெளக்கு எரியாம தண்டத்துக்கு நின்னதுகளத்தான் புடுங்குனேன்" என்றாள் மருதாத்தாள், பெருமையாக. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. டம்ளரில் எல்லாமே ஒரே நம்பர் ஐ.சி.க்கள்; ஆனால் ஒவ்வொன்றும் தான் நின்ற இடத்துக்கே பழகியது. எது எங்கே நின்றது என்று யாருக்குத் தெரியும்? சுப்பாத்தாள் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"இணைப்பே இல்லாத ஐ.சி. எப்படிம்மா வேலை செய்யும்? ஓடலைன்னா ஓடலைன்னு சொல்லிடலாமே" என்றார் கபிரியேல். காப்பி குடித்துவிட்டு அடுத்த வண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

"உங்கள ஆருங்க உள்ள வரச் சொன்னது?" சுப்பாத்தாள் கத்தினாள்.

மருதாத்தாளின் முகம் விழுந்துவிட்டது. "தனியாவே கெடக்கறயே, ஒருநாளாச்சும் கூட இருக்கலாம்னு வந்தேன் அம்மணி." டம்ளரை வைத்துவிட்டு வெளியேறினாள்.

பலகையை மறுபடி பழக்கிவிடலாம். அது எப்படி என்று சுப்பாத்தாளுக்குத் தெரியும். வாசலுக்கு ஓடினாள். மருதாத்தாள் தோப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் மனைவியை முறை சொல்லி, "நங்கை" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பியிருப்பாள். இத்தனை வருஷத்தில் அவளை ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை.